7.38 விநாடி

ஃபுட்பால் என்ற வார்த்தையைத் தலைப்பில் வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டிருந்தால் பாதிப் பேர் மெஸ்ஸியா ரொனால்டோவா என்று சண்டைக்கு வந்திருப்பீங்க. இது அமெரிக்காக்காரர்கள் ஃபுட்பால் என்று சொல்லிக்கொள்ளும் வேறொரு ஆட்டம். ஹெல்மெட், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கூர்மையான ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பந்தை உதைப்பது எப்போதாவதுதான். அப்புறம் எதுக்கு அந்தப் பேருன்னு என்னைக் கேட்காதீங்க.

விதிகளை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிக்கிறவர் ரிசீவர். அவரைப் பிடிக்க விடாமல் நிழல் மாதிரி கூடவே ஓடி வருகிறவர் கார்னர்பேக். இவ்வளவு போதும்.

ரிசீவர் உயரமானவராக இருந்தால் எல்லா அணிக்கும் ஒரு சபலம். காரணம் எளிமையானது. கார்னர்பேக்குகள் பெரும்பாலும் 6 அடிக்கு அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். 6 அடி 4 அங்குலத்தில் ஒரு பையன், நீளமான கை, நல்லா எம்பிக் குதிப்பான் என்றால், பந்தைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் போட்டாலே போதும். கூட ஓடி வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த உயரத்துக்கு அவர் கை எட்டாது. அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் என்எஃப்எல் டிராஃப்ட் நடக்கும்போது, கல்லூரி முடித்து வரும் உயரமான பையன்களைப் பற்றி ஒரே வார்த்தை திரும்பத் திரும்பக் கேட்கும்: பொட்டென்ஷியல். நம்ம ஊரில் “பையன் பெரிய ஆளா வருவான்” என்று சொல்வார்களே, அதேதான். என்ன, அங்கே அந்த ஒரு வாக்கியத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள்.

இந்த வார்த்தை என்னை ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. அதற்குக் காரணமான ஆள் டீகே மெட்காஃப்.

மிசிசிப்பி பல்கலைக்கழகத்துப் பையன். அப்பா டெரன்ஸ் மெட்காஃபும் சிகாகோ பேர்ஸ் அணியில் ஆடியவர். 2019-ல் டிராஃப்டுக்கு வந்தபோது டீகேவுக்கு வயது 21. டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸில் கம்பைன் என்று ஒன்று நடக்கும். ஓட விடுவார்கள், குதிக்க விடுவார்கள், எடை தூக்க விடுவார்கள், அங்குலம் அங்குலமாக அளப்பார்கள். நம்ம பிளேஸ்மென்ட்டில் ஆப்டிட்யூட் ரவுண்டு இருக்கே, அதை அரை நிக்கர் போட்டுக்கொண்டு டிவி கேமரா முன்னால் எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அங்கே மெட்காஃபின் எண்கள் இவை. உயரம் 6 அடி 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. எடை 228 பவுண்டு, அதாவது 103 கிலோ. விரித்த கைகளின் நீளம் 6 அடி 11 அங்குலத்தைத் தொடுகிறது. 40 யார்டு ஓட்டம் 4.33 விநாடி. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாகக் குதித்தது 40.5 அங்குலம். 103 கிலோ ஆள் 4.33-ல் ஓடுவது சாதாரண விஷயமில்லை. அந்த நேரத்துக்கு வழக்கமாக ஓடுகிறவர்கள் இவரைவிட 15, 20 கிலோ குறைவாக இருப்பார்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் இவர் சட்டை இல்லாமல் ஜிம்மில் நிற்கும் படம் ஒன்று ஊரெல்லாம் பரவியிருந்தது. சூப்பர்ஹீரோ படத்துக்கு ஆள் எடுத்த மாதிரி இருக்கும்.

அப்புறம் மூன்று கூம்பு ஓட்டம் வந்தது. 5 யார்டு இடைவெளியில் மூன்று கூம்புகளை எல் வடிவத்தில் வைத்து, அவற்றைச் சுற்றித் திரும்பித் திரும்பி ஓட வேண்டும். நேர்வேகம் இதில் பெரிதாக உதவாது. நிற்கத் தெரியணும், இடுப்பைத் தாழ்த்தணும், திசை மாறணும், மறுபடி கிளம்பணும். மெட்காஃப் எடுத்துக்கொண்டது 7.38 விநாடி. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-ல் இதே ஓட்டத்தை 7.20-ல் முடித்திருந்தார். பிரேடி எத்தனையோ விஷயத்துக்குப் புகழ் பெற்றவர், ஆனால் ஓட்டத்துக்கு மட்டும் நிச்சயமாக இல்லை. அவரைவிட மெதுவாகத் திரும்புகிற ரிசீவரா என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

மெக்கானிக்கல் பசங்க இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. “கனமான ஆள், அதான் நிற்க முடியலை” என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தரையின் உராய்வு மட்டுமே எல்லை என்றால் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். உராய்வுக் கெழுவை g-ஆல் பெருக்கினால் வருவதுதான் அதிகபட்ச வேகக் குறைப்பு. அதில் நிறை எங்கேயும் கிடையாது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. உடம்பு எல்லா அளவிலும் ஒரே விகிதத்தில் பெரிதானால் தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்து, அதாவது வர்க்கமாக ஏறும். எடையோ கனமாக ஏறும். கூடவே புவியீர்ப்பு மையமும் உயர்ந்துவிடுகிறது. சட்டென்று நிற்க வேண்டுமானால் அந்த மையத்தைக் கீழே இறக்கணும், நீளமான காலை மடக்கணும், இரண்டு மூன்று சின்னச் சின்ன எட்டு வைக்கணும். உயரமான ஆளுக்கு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆக, அந்த 7.38 வெறும் சோம்பேறித்தனம் இல்லை. 4.33-ஐக் கொடுத்த அதே உடம்பு போட்ட பில்லும் அதில் இருக்கிறது.

இது ஏன் முக்கியம்? ரிசீவர்கள் ஓடும் பாதைகளுக்கு 1 முதல் 9 வரை எண் வைத்திருக்கிறார்கள். மரம் மாதிரி வரைவார்கள். 9 என்றால் நேராக ஓடு, நிற்காதே. 8 என்றால் நேராக ஓடிக் கொஞ்சம் உள்ளே சாய். 2 என்றால் மூணு எட்டு வைத்து உள்ளே வெட்டு. இதற்கெல்லாம் பெரிய பிரேக் தேவையில்லை. ஆனால் 3, 4, 5 இருக்கே, அதிலெல்லாம் முழு வேகத்தில் போய்ச் சட்டென்று நின்று குவார்ட்டர்பேக் பக்கமோ ஓரக் கோட்டுப் பக்கமோ திரும்பணும். மரத்தின் பாதிக் கிளைகளை ஏற முடியாத ஆள் என்பதுதான் 7.38-ஐப் பார்த்தவர்கள் எழுதிய தீர்ப்பு. போதாததற்குக் கல்லூரியில் ஒருமுறை பாதம் உடைந்திருக்கிறது. 2018 அக்டோபரில் கழுத்தில் அடிபட்டு, இனி ஆடவே முடியாது என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் அவர் பிடித்த பந்துகள் மொத்தமே 67.

டிராஃப்ட் அன்று ரிசீவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 25-ஆவது இடத்தில் ஒருவர், 32-ல் ஒருவர், 36-ல் ஒருவர். 51-ல் அந்த ஜிம் படத்தில் மெட்காஃப் பக்கத்தில் நின்ற கல்லூரித் தோழர் ஏ.ஜே. பிரவுனும் போய்விட்டார். 56, 57, 59, 62. எட்டு ரிசீவர்கள் போன பிறகு, இரண்டாம் சுற்றின் கடைசி இடமான 64-ல்தான் சியாட்டில் சீஹாக்ஸ் இவரைக் கூப்பிட்டது. அந்த 64-ஆம் இடம்கூட சியாட்டிலுடையது இல்லை. நியூ இங்கிலாண்டிடம் வேறு இரண்டு இடங்களைக் கொடுத்து வாங்கியது. அதாவது 64 கையில் இருந்தும் நியூ இங்கிலாண்டுக்கு இவர் வேண்டியிருக்கவில்லை. அவர்கள்தான் 32-ல் நிகீல் ஹாரி என்கிற இன்னொரு பெரிய உருவத்தை எடுத்திருந்தார்கள். போன் வந்தபோது மெட்காஃப் அழுதுகொண்டே, ஏன் இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க என்று பயிற்சியாளர் பீட் கேரலிடம் கேட்கிற காணொளி இருக்கிறது. தேடிப் பாருங்க.

சரி, பொட்டென்ஷியல் விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நமக்கு நிலையாற்றல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிறை, ஈர்ப்பு, உயரம், மூன்றையும் பெருக்கு. அதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது, உயரம் எங்கிருந்து என்கிற கேள்வி. ஒரு கல்லுக்குத் தன்னளவில் இத்தனை ஜூல் என்று கிடையாது. மேஜையிலிருந்து அளந்தால் ஒன்று, தரையிலிருந்து அளந்தால் வேறொன்று, கிணற்றடியிலிருந்து அளந்தால் இன்னொன்று. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் டேட்டம் எது என்று குறிக்காமல் ரெக்கார்டு நோட்டை நீட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே டிவியில் உட்கார்ந்து பேசுகிற வல்லுநர்கள் பையனுக்குள் பொட்டென்ஷியல் இருக்கிறது, இல்லை என்று எடை போட்டுச் சொல்கிறார்கள். எந்த அணியின் தரையிலிருந்து அளந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சியாட்டிலின் தரை எப்படி இருந்தது என்று பாருங்கள். குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன், 5 அடி 11 அங்குலம், அந்த வேலைக்குக் குள்ளம். ஆனால் பந்தை நிலாவைத் தொடுகிற மாதிரி மேலே அனுப்பி, 40, 50 யார்டு தள்ளி ரிசீவரின் கையில் இறக்குவதில் அவருக்கு இணை குறைவு. அப்படி எறிகிறவருக்கு முதல் தேவை நேராக ஓடி மேலே எம்புகிற ஆள். மூன்று கூம்பைச் சுற்றுகிறவர் அடுத்தபடிதான். நெருக்கத்தில் நெளிந்து திரும்பும் வேலைக்கு டைலர் லாக்கெட் ஏற்கெனவே அணியில் இருந்தார். அதனால் முதல் வருடம் மெட்காஃபைப் பெரும்பாலும் இடது ஓரத்தில் நிறுத்தி, அவரால் முடிந்த பாதைகளையே அதிகம் ஓட விட்டார்கள். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இவ்வளவு வேகமான ஆள் நேராக வருகிறான் என்றால் கார்னர்பேக் பயந்து பின்னால் போய்க்கொண்டே இருப்பார். அவர் ஏழு எட்டு யார்டு தள்ளி ஓடும்போது, இவர் நிற்க அரை விநாடி கூடுதலாக எடுத்தாலும் என்ன கெட்டுப்போகிறது?

முதல் வருடம் 58 பந்துகள், 900 யார்டு, 7 டச்டவுன். 2020 ஜனவரி 5 அன்று பிளேஆஃப் ஆட்டம், பிலடெல்ஃபியாவில். எட்டு மாதம் முன்னால் 57-ஆம் இடத்தில், இவரைத் தாண்டி இன்னொரு ரிசீவரை எடுத்த அதே அணியின் மைதானம். மெட்காஃப் 7 பந்து பிடித்தார், 160 யார்டு. பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் முதல் வருட வீரர் ஒருவர் அதுவரை எடுக்காத அளவு. கடைசியில் ஆட்டத்தை முடித்து வைத்ததும் இவர் பிடித்த 36 யார்டு பந்துதான். சியாட்டில் 17-9. அந்த 57-ஆம் இடத்துக்காரர் அந்தச் சீசன் முழுவதும் எடுத்திருந்தது 169 யார்டு.

நான் மெட்காஃபை முதலில் பார்த்தது அதற்கு அடுத்த சீசனில். லாக்டவுன், பத்தாம் வகுப்பு, ஆன்லைன் கிளாஸ். ஸ்பீக்கரை மூடிவிட்டு யூடியூபில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து விழுந்த காணொளி. 2020 அக்டோபர் 25, அரிசோனாவுக்கு எதிரான ஆட்டம். எதிரணியின் கோட்டருகில் வில்சன் எறிந்த பந்தை அரிசோனாவின் பட்டா பேக்கர் தட்டிப் பறித்துக்கொண்டு மறுபக்கம் ஓடுகிறார். முன்னால் ஆளே இல்லை. இன்னொரு ஓரத்திலிருந்து ஒரு உருவம் துரத்த ஆரம்பிக்கிறது. திரையில் முதலில் அது தெரியவே தெரியாது. பேக்கர் 90 யார்டு ஓடி, கோட்டுக்கு 8 யார்டு இருக்கும்போது பின்னாலிருந்து வந்து சாய்த்துவிட்டார் மெட்காஃப். உச்ச வேகம் மணிக்கு 22.64 மைல் என்று அளந்திருக்கிறார்கள், நம்ம கணக்கில் 36 கிலோமீட்டருக்கு மேல். 103 கிலோ அந்த வேகத்தில் வந்தால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 5,300 ஜூல். அவரையே 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். அதற்கப்புறம் அரிசோனாவால் அந்த 8 யார்டைக் கடக்கவே முடியவில்லை. ஆட்டத்தில் கடைசியில் அரிசோனாதான் ஜெயித்தது என்பதை அந்தக் காணொளியைப் பகிர்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

நான் கவனித்தது இன்னொன்று. அந்த ஓட்டத்தில் திருப்பமே கிடையாது. சொல்லப்போனால் அது ரிசீவரின் வேலையும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு காணொளிதான் அவர் யார் என்று உலகத்துக்குச் சொன்னது. அந்தச் சீசனில் 1,303 யார்டு எடுத்து, ஸ்டீவ் லார்ஜென்ட் வைத்திருந்த அணியின் பழைய சாதனையை முறியடித்தார்.

இவரைப் பார்த்துவிட்டு, உயரமும் வேகமும் இருந்தால் போதும் போல என்று நீங்கள் நினைத்தால், எனக்கு இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டீஃபன் ஹில், 6 அடி 4 அங்குலம், 40 யார்டு 4.36 விநாடி. ஜார்ஜியா டெக் கல்லூரியில், பந்தை எறிவதே அபூர்வமான ஒரு அணியில், கடைசி வருடம் 28 பந்து பிடித்து 820 யார்டு எடுத்தவர். 2012-ல் நியூயார்க் ஜெட்ஸ் 43-ஆம் இடத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே இரண்டு டச்டவுன். ஊரே கொண்டாடியது. அதற்கப்புறம் இரண்டு சீசனில் அவர் எடுத்தது இன்னும் இரண்டே இரண்டு. 2014-ல் ஜெட்ஸ் அவரை விடுவித்துவிட்டது. அடுத்தவர் கெவின் வைட், 2015-ல் சிகாகோ 7-ஆம் இடத்தில் எடுத்தது, 4.35 விநாடி. முதல் வருடம் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் கீறல், முழுச் சீசனும் போச்சு. இரண்டாம் வருடம் நான்கு ஆட்டத்தோடு கால் எலும்பு முறிவு. மூன்றாம் வருடம் முதல் ஆட்டத்திலேயே தோள்பட்டை எலும்பு. என்எஃப்எல்லில் அவர் ஒரு டச்டவுன்கூட எடுத்ததில்லை. வைட்டின் கதையைப் படிக்கும்போது டேட்டம், குவார்ட்டர்பேக் என்று எந்தத் தத்துவமும் எனக்கு ஓடவில்லை. எலும்புக்குத் தத்துவம் தெரியாது.

ஹில் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2013-ல் ஜெட்ஸில் அவருக்குப் பந்து எறிந்தவர் ஜீனோ ஸ்மித், அப்போது முதல் வருடப் பையன். அதே ஜீனோ ஒன்பது வருடம் கழித்து, 2022-ல் சியாட்டிலில் மெட்காஃபுக்கு எறிந்தார். மெட்காஃப் அந்த வருடம் 90 பந்துகள் பிடித்தார், இன்றுவரை நான் பார்த்த அவருடைய சியாட்டில் கணக்கில் அதுதான் அதிகம். ஹில் அந்த முதிர்ந்த ஜீனோவோடு ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பேன். பதில் கிடைக்கிற கேள்வி இல்லை.

உயரமான ரிசீவரைப் பற்றிப் பேசினால் கால்வின் ஜான்சனில் போய் முட்டாமல் இருக்க முடியாது. 6 அடி 5 அங்குலம், டெட்ராய்ட், 2012-ல் ஒரே சீசனில் 1,964 யார்டு. அவருக்குப் பயிற்சியாளராக இருந்த ஜிம் ஷ்வார்ட்ஸ் 2020-ல் பிலடெல்ஃபியாவின் தடுப்பாட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். நவம்பர் 30 ஆட்டத்துக்கு முன்னால் மெட்காஃபிடம், நான் ஜான்சனைப் பார்த்தவன், நீ இன்னும் அங்கே வரவில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார். பாராட்டாகத்தான் சொன்னாரோ என்னவோ. மெட்காஃப் அன்று இரவு அவருடைய ஆட்களுக்கு எதிராக 177 யார்டு எடுத்துவிட்டு, அந்தப் பேச்சைப் பத்திரிகையாளர்களிடமும் சொல்லிக் காட்டினார்.

ஆனால் ஷ்வார்ட்ஸ் சொன்னது தப்பா? 1,303-க்குப் பிறகு சியாட்டிலில் அவர் எடுத்தவை: 967, 1,048, 1,114, 992. நல்ல எண்கள். பல அணிகள் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த 1,303-ஐ அங்கே மறுபடி தொடவே இல்லை. எதிரணிகளும் படித்துக்கொண்டன. பின்னால் இன்னொரு ஆளை நிறுத்திவிட்டால் 9-ஆம் பாதை அடைபட்டுவிடும். அப்போது 3, 4, 5 தெரிந்திருக்க வேண்டும். அவரும் கற்றுக்கொண்டார்தான், 90 பந்து பிடித்தது சும்மா வரவில்லை. ஆனாலும் அந்த உடம்புக்கு அது எப்போதுமே இரண்டாவது மொழி.

2023-ல் சியாட்டில் 20-ஆம் இடத்தில் ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா என்கிற பையனை எடுத்தது. 6 அடிதான் இருப்பார். கம்பைனில் 40 யார்டு ஓடவே இல்லை. மூன்று கூம்பு ஓட்டத்தை 6.57 விநாடியில் முடித்தார். மெட்காஃபுக்கும் இவருக்கும் முக்கால் விநாடிக்கு மேல் வித்தியாசம். 2024 சீசனில் இவர் 100 பந்து, 1,130 யார்டு. மெட்காஃப் 66 பந்து, 992. அணியின் தரை மாறிவிட்டது. வில்சன் 2022-லேயே போய்விட்டார், 2024 ஜனவரியில் பீட் கேரலும் பதவியில் இல்லை. நிலாவுக்குப் பந்து அனுப்புகிற வீட்டில் பொக்கிஷமாக இருந்தவர், வேறு கணக்குப் போடுகிற வீட்டில் விலை அதிகமான இரண்டாவது ஆளாக ஆகிவிட்டார். அவரே வேறு அணிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

அப்போ 2019-ல் 7.38-ஐப் பார்த்துத் தயங்கிய அந்த அணிகள் சரியாகத்தான் கணித்தார்களா என்று என் ரூம்மேட் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பார்த்த குறை உண்மை. ஆனால் அவருக்கு முன்னால் போன எட்டுப் பேரில், ஏ.ஜே. பிரவுனையும் டீபோ சாமுவேலையும் தவிர, இவரோடு ஒரே மூச்சில் சொல்லத் தக்க ஆள் யார் என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டியிருக்கும். 32-ல் போன நிகீல் ஹாரியை நியூ இங்கிலாண்டு 2022-ல் ஏழாம் சுற்று இடம் ஒன்றுக்குத் தள்ளிவிட்டது.

2025 மார்ச்சில் மெட்காஃப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். அப்போது வயது 27. பதிலுக்கு சியாட்டில் முக்கியமாக வாங்கியது இரண்டாம் சுற்றில் ஒரு இடம். 64-ல் எடுத்தவரை ஆறு சீசன் ஆடவைத்துவிட்டு, 52-ஆம் இடத்துக்கு விற்றிருக்கிறார்கள்.